மடுவை மூன்றாய்ப் பகுத்த கதை

மரங்களுக்கு மனிதன் பேர் வைக்காத நாளில், மழை மட்டுமே வழி தெரிந்து வந்து போன ஒரு காடு இருந்ததாம். அந்தக் காட்டில் மூன்று நீர்நிலைகள். மேட்டில் ஓர் ஊற்று. நடுவில் மூங்கிலுக்குள் ஓர் ஓடை. பள்ளத்தில் ஒரு மடு.

அந்தக் காட்டுக்கு ராஜா கிடையாது. இரண்டு சபைகள்தான். கீழ்ச்சபையில் தலைக்கணக்குப் பார்த்து இடம் கொடுப்பார்கள். பெரிய கூட்டத்துக்கு நிறைய உறுப்பினர், சின்னக் கூட்டத்துக்குக் கொஞ்சம். சட்டம் போடுவது அந்தச் சபை. மேற்சபை சிறியது. அது மொட்டைப்பாறை மேல் கூடும். கீழ்ச்சபை அவசரத்தில் போட்ட சட்டத்தை ஆற அமர இன்னொரு தரம் பார்ப்பது அதன் வேலை.

மேற்சபைக்குத் தலைக்கணக்கு இல்லை. காட்டை மூன்று பகுதியாக வைத்திருந்தார்கள். பகுதிக்கு இரண்டு உறுப்பினர். யார் எந்தப் பகுதி என்று தெரிய ஒரே ஒரு கேள்வி போதும்.

"பங்குனி வெயிலில் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாய்?"

ஊற்றைக் குடித்தால் மேட்டுப்பகுதி. ஓடையைக் குடித்தால் மூங்கில்பகுதி. மடுவைக் குடித்தால் மடுப்பகுதி. கோடு கிழித்த எல்லை எதுவும் கிடையாது. தாகம்தான் எல்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு பகுதியின் உறுப்பினர் இருவரும் சேர்ந்து பாறையில் காலை உதைத்து "வேண்டாம்!" என்று சொல்லிவிட்டால், அந்தச் சட்டம் அடுத்த மழை வரைக்கும் நின்றுபோகும். யானையே வந்து தள்ளினாலும் நகராது.

மடுப்பகுதிக்கு உறுப்பினராக இருந்தவள் பொரியாள் என்ற சருகுமான். முயலைவிடக் கொஞ்சம் பெரியவள். உடம்பெல்லாம் பொரி தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. அதனால் அந்தப் பேர். அவளோடு இன்னொரு உறுப்பினர் முங்கன் என்ற நீர்நாய். பேசுவதற்குப் பொரியாள், கேலி செய்வதற்கு முங்கன் என்று மடுவில் சொல்வார்கள்.

ஒரு கோடையில் ஓடை வற்றிவிட்டது. ஓடைத் தண்ணீரை நம்பியிருந்த காட்டெருமைகள் மடுவைப் பார்த்தன. கீழ்ச்சபையில் அவர்கள் கூட்டம் பெரிது. உடனே ஒரு சட்டம் போட்டார்கள். 'கோடையில் மடு பெரிய விலங்குகளுக்கு மட்டுமே. சிறியவை மிதிபடாமல் இருக்க வெளியேறிவிட வேண்டும்.'

சட்டம் மேற்சபைக்கு வந்தது. பொரியாள் பாறையில் காலை உதைத்தாள். முங்கனும் உதைத்தான். அத்தோடு சட்டம் நின்றது.

காட்டெருமைத் தலைவனும் மூங்கில்பகுதி உறுப்பினனுமான திம்மப்பனுக்கு மூக்கு விடைத்தது.

"உன் காலு என் கொம்பு நுனி தடிமன்கூட இல்ல! அதை உதைச்சு என் கூட்டத்தையே நிறுத்திட்டியே!"

"காலு சின்னதுதாங்க," என்றாள் பொரியாள். "மடுவும் சின்னதுதான். நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல இறங்கினா அப்புறம் சேறுதானே மிஞ்சும்?"

அன்று பாறையிலேயே உட்கார்ந்து பொழுது சாயும் வரை பேசினார்கள். காட்டெருமைகள் முறை வைத்துக்கொண்டு, ஒரு நாள் மேட்டு ஊற்றுக்கும் ஒரு நாள் மடுவின் தென்கரைக்கும் போய்க் குடித்தன. கஷ்டம்தான். ஆனால் ஒரு கன்றுகூடச் சாகவில்லை. ஒரு நண்டுகூட மிதிபடவில்லை. மழை வந்தது. காடு அதை மறந்துவிட்டது.

திம்மப்பன் மறக்கவில்லை.

மழை விட்டபின் ஒரு மத்தியானம். பொரியாள் அத்திமர நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தாள். மேலே கிளை அசைந்தது. உச்சியான் இறங்கி வந்தான். அவன் மேட்டுப்பகுதியின் கருமந்தி, அந்தப் பகுதியின் மேற்சபை உறுப்பினரில் ஒருவன். பேச்சில் தேன் ஒழுகும்.

"பொரியாள் தங்கச்சி, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது!"

"கேளுங்கண்ணே."

"மேட்டுல எத்தனை தலை இருக்கு? மூங்கில்ல எத்தனை தலை? இந்த மடுவுல எத்தனை? எங்களுக்கும் ரெண்டு பேரு, உங்களுக்கும் ரெண்டு பேரு. நீயே சொல்லு, இது நியாயமா?"

பொரியாளின் வாய் அசைவதை நிறுத்தியது. அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை. பாறையில் உட்காரும்போதெல்லாம் காலில் தைத்த முள்ளாக அது அவளை உறுத்திக்கொண்டிருந்தது. மடுவில் தலை குறைவுதான். யாராவது ஒருநாள் கேட்டுவிடுவார்களோ என்று அவள் பயந்துகொண்டேதான் இருந்தாள்.

"அப்ப, எங்களுக்கு ஒருத்தரைக் குறைக்கணும்கிறீங்களா?"

"சேச்சே! குறைக்கிறதா? நான் அதிகமாக் குடுக்கத்தானே வந்திருக்கேன்!"

உச்சியான் ஒரு குச்சியை எடுத்தான். ஈரமண்ணில் காட்டை வரைந்தான். மூன்று பக்கமிருந்தும் மூன்று கோடு இழுத்தான். மூன்றும் மடுவுக்கு நடுவில் வந்து முட்டின.

"பாரு. வடக்கு, கிழக்கு, மேற்கு. மூணுலயும் தலைக்கணக்கு சமம். யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது. மூணு பகுதிக்கும் மடுவுல கரை உண்டு. மடுக்காரங்க மூணு பகுதியிலயும் இருப்பீங்க! இன்னிக்கு உங்களுக்குன்னு பேச ரெண்டு பேரு. நாளைக்கு ஆறு பேரும் உங்க வாசல்ல வந்து நிக்கணுமே!"

ஆறு பேர்!

பொரியாளின் சின்ன மார்பு விம்மியது. பாறையில் அவளை 'அந்தப் பள்ளத்துச் சின்னது' என்றுதான் சொல்வார்கள். இனிமேல் வடக்கும் கிழக்கும் மேற்கும் பள்ளத்தைத் தேடி வரும். நியாயமும் நடக்கும், மதிப்பும் கூடும். இப்படி ஒரு யோசனை நமக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"இதுல உங்களுக்கு என்னண்ணே லாபம்?" என்று சும்மா கேட்டுவைத்தாள்.

"காட்டுல சண்டை இல்லாம இருந்தா அதைவிட வேறென்ன வேணும் எனக்கு?"

சொல்லும்போது அவன் கண் மடுக்கரை அத்திமரங்களின் மேல் இருந்தது. மடு தன் கைக்கு வந்தால் அந்த மரவரிசை முழுவதும் உனக்கே என்று திம்மப்பன் சொல்லியிருந்தான். சருகுமான்கள் தரையைப் பார்த்து நடக்கிற சாதி. பொரியாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மாலை மடுக்கரையில் எல்லாரையும் கூட்டினாள். ஆமைகள் வந்தன. நண்டுகள் வந்தன. வளையம்மா என்ற நண்டு, வயிற்றுக்கடியில் குஞ்சுகளை ஒட்டவைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். முங்கன் பாதி தின்ற மீனோடு வந்தான்.

பொரியாள் மண்ணில் கோடு போட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

முங்கன் மீனைக் கீழே வைத்தான்.

"அக்கா, அந்த ஆறு பேரும் நம்மவங்களா? இல்ல, நம்ம வாசலுக்கு வந்துட்டுப் போறவங்களா?"

"நாம புங்கங்காய் போட்டாத்தானே அவங்க ஜெயிக்க முடியும்?"

"நாம போடாமலே ஜெயிச்சிருவாங்களோன்னுதான் கேக்கிறேன்!"

அந்தக் காட்டில் தேர்தல் என்றால் புங்கங்காய்தான். பிடித்தவர் முன்னால் ஆளுக்கொரு காயைப் போட வேண்டும். குவியல் பெரிதாக இருக்கிற இருவர் பாறை ஏறலாம்.

"நான் மீன் பிடிக்கிறதைப் பாத்திருக்கியாக்கா?" என்றான் முங்கன். "கூட்டமா இருந்தா நான் கிட்டவே போக மாட்டேன். நடுவுல பாஞ்சு மூணா உடைப்பேன். அப்புறம் சாவகாசமா உக்காந்து திம்பேன்."

"உனக்கு எப்பப் பாரு சாப்பாட்டு ஞாபகம்தான்!" என்றாள் வளையம்மா. எல்லாரும் சிரித்தார்கள். ஆமைகள்கூட ஓட்டுக்குள்ளிருந்து தலை நீட்டிச் சிரித்தன.

பொரியாளுக்கு மட்டும் சுருக்கென்றது.

"நாம என்ன மீனா முங்கா? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? தலை கம்மியா இருந்தும் சரிசமமா இடம் வச்சிக்கிட்டிருக்கோம். நாளைக்குச் சபையில ஒருத்தர் வாய் திறந்து கேட்டுட்டா என் முகத்தை எங்க கொண்டுபோய் வச்சிக்குவேன்?"

முங்கனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் இத்தனை வருஷமும் பாறையில் அவன் கேலி செய்தான், அவள்தான் மடுவைக் காப்பாற்றினாள்.

"நீ சொன்னா சரிக்கா. நீ நெத்தி வச்சா நானும் வைக்கிறேன்."

பகுதிகளைத் திருத்த வேண்டுமென்றால் மூன்று பகுதியின் உறுப்பினரும் பாறையில் நெற்றியை வைத்துச் சம்மதிக்க வேண்டும். அதுதான் முறை.

அடுத்த சபை கூடியது. மேட்டுப்பகுதி நெற்றி வைத்தது. மூங்கில்பகுதி நெற்றி வைத்தது. திம்மப்பன் வழக்கத்துக்கு மாறாக அன்று வாயே திறக்கவில்லை. பொரியாள் முன்னால் வந்தாள். புதிய எல்லையை அவள் ஒரு தரம்கூட நடந்து பார்த்திருக்கவில்லை. எந்தப் பகுதியில் நம்மவர் எத்தனை, மற்றவர் எத்தனை என்று யாரையும் கேட்டிருக்கவில்லை. நம்மவர் எத்தனை பகுதியில் இருப்போம் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது.

குனிந்து பாறையில் நெற்றியை வைத்தாள். பாறை சூடாக இருந்தது.

முங்கனும் வைத்தான்.

அன்றிலிருந்து 'எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாய்?' என்ற கேள்வி காட்டில் இல்லாமல் போயிற்று.

தேர்தல் வந்தது. உச்சியான் சொன்னது பொய்யில்லை. போட்டியிட்டவர் எல்லாரும் மடுவின் வாசலுக்கு வந்தார்கள். ஒரே ஒரு தரம் வந்தார்கள், புங்கங்காய் கேட்டு.

மடுவின் வடகரை வடக்குப் பகுதி. அங்கே பொரியாள் நின்றாள். கிழக்குக்கரையில் முங்கன் நின்றான். மேற்குக்கரையில் வளையம்மா நின்றாள். மடுக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து அவரவர் பகுதியில் காய் போட்டார்கள். கிழட்டு ஆமைகூட வாயில் காயைக் கவ்விக்கொண்டு விடியலில் கிளம்பி, வெயிலில் ஊர்ந்து வந்து சேர்ந்தது.

அப்புறம் மேட்டிலிருந்து கருமந்திகள் வந்தன. மூங்கிலிலிருந்து காட்டெருமைகளும் பன்றிகளும் வந்தன. வந்துகொண்டே இருந்தன.

மாலையில் பொரியாள் தன் குவியலைப் பார்த்தாள். ஒரே தாவில் அதைத் தாண்டிவிடலாம். பக்கத்தில் கருமந்திகளின் குவியல். அதற்குப் பின்னால் நின்றால் அவள் இருப்பதே தெரியாது.

"கிழக்குக்கரையில என்னாச்சு?" என்று கேட்டாள்.

"இதே கதைதான்கா," என்றான் முங்கன்.

"மேற்குல?"

வளையம்மா கொடுக்கை ஆட்டிவிட்டு வளைக்குள் போய்விட்டாள்.

ஒவ்வொரு பகுதியிலும் அவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் தோற்றிருந்தார்கள். பாறை ஏறிய ஆறு பேரில் மடுத்தண்ணீர் குடிக்கிறவர் ஒருவரும் இல்லை.

பங்குனி வந்தது. ஓடை மறுபடியும் வற்றியது. கீழ்ச்சபையில் அதே பழைய சட்டம் ஒரு பேச்சுமில்லாமல் நிறைவேறியது. மொட்டைப்பாறையில் மேற்சபை கூடியது.

பொரியாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். இப்போது பாறை ஏற அவளுக்கு உரிமையில்லை. கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தாள். காலை ஓங்கி உதைத்தாள். அது புழுதி. சத்தமே வரவில்லை.

"மடுப்பகுதி வேண்டாம்னு சொல்லுது!" என்று கத்தினாள்.

ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"எந்தப் பகுதி?" என்றான் உச்சியான்.

"மடுப்பகுதி!"

"அப்படி ஒரு பகுதி இல்லையே தங்கச்சி!"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. இல்லாததை இல்லை என்று சொன்னான், அவ்வளவுதான்.

"அப்ப பழையபடி திருத்திக் குடுங்க!"

"திருத்தலாமே. மூணு பகுதியும் நெத்தி வச்சாத் திருத்தலாம். அதுதானே முறை? வடக்கு வைக்குதா?"

வடக்கின் உறுப்பினர்கள் உச்சியானும் இன்னொரு கருமந்தியும்தான். இருவரும் தலையாட்டி மறுத்தார்கள்.

"கிழக்கு?"

கிழக்கில் இருந்தவன் திம்மப்பன். பக்கத்தில் அவன் தம்பி. இருவரும் அசையவில்லை.

"மேற்கு?"

மேற்கின் பன்றிகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

திம்மப்பன் மெல்லப் பேசினான். அவன் விலா எலும்புகள் எண்ணிப் பார்க்கிற மாதிரி துருத்திக்கொண்டிருந்தன.

"என் கூட்டத்துலயும் கன்னு இருக்குது பொரியாள். எங்க தாகமும் தாகம்தான்."

"இல்லேன்னு சொல்லலைங்க. முன்ன ஒரு கோடையிலயும் உங்களுக்குத் தாகம்தான். அன்னிக்கு இதே பாறையில உக்காந்து பேசினோம். முறை வச்சிக் குடிச்சோம். உங்க கன்னும் பொழைச்சுது, எங்க குஞ்சும் பொழைச்சுது. இன்னிக்கு அப்படிப் பேசுறதுக்கு எங்க ஆளு மேல யாரு இருக்கா?"

வெயில் பாறையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

உச்சியான் தொண்டையைக் கனைத்தான். "சபைக்கு நியமன உறுப்பினர்னு ஒருத்தரை வச்சிக்கலாம்னு நாங்களும் யோசிச்சிட்டுத்தான் இருக்கோம். தேர்தல் வேண்டாம், புங்கங்காய் வேண்டாம். நீ மேல வந்து உக்காரு தங்கச்சி. காலை உதைக்கிற உரிமை மட்டும் இருக்காது. பேசலாம். மடுவுல உனக்குன்னு ஓர் ஓரமும் ஒதுக்கிக் குடுத்திருவோம்."

"வளையம்மாவுக்கு?"

உச்சியான் வானத்தைப் பார்த்தான்.

"முங்கனுக்கு? ஆமைங்களுக்கு?"

"எல்லாரையும் நியமிக்க முடியுமா?"

"அப்ப நான் மேல வந்து யாருக்காகண்ணே பேசுறது?"

"உனக்காகப் பேசேன்!"

பொரியாள் ஏறி உட்கார்ந்துவிடலாம். கால் சுடும், ஆனால் தொண்டை காயாது. ஒரு கணம் அவளுக்கு நாக்கு ஊறியது. அது உண்மைதான்.

"எனக்கு ஒரு வாய்த் தண்ணி போதும்ணே," என்றாள். "அதுக்கு எதுக்கு ஒரு சபை?"

திரும்பி நடந்தாள்.

மடுக்கரையில் எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆறு இருப்பதாகச் சொல்வார்கள். வற்றிய ஓடையின் மணலோடு போக வேண்டும். நிழலே கிடையாது.

"என் நெத்தியை வச்சு உங்க வாயை அடைச்சிட்டேன்," என்றாள் பொரியாள்.

"என் நெத்தியும்தான் அங்க இருந்துச்சு," என்றான் முங்கன். வளையம்மாவின் முன்னால் போய்க் குனிந்தான். "ஏறு ஆத்தா. குஞ்சுகளைக் கெட்டியாப் புடிச்சிக்கோ. என் முதுகு வழுக்கும்."

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஆமைகள் முன்னால் போயின. நண்டுகள் பக்கவாட்டில் போயின. முங்கன் அவர்களுக்கு நடுவே போனான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. பொரியாள் கரையிலேயே நின்று எல்லாரையும் முன்னால் போகவிட்டாள்.

அதற்குள் எதிர்க்கரையில் காட்டெருமைகள் இறங்கத் தொடங்கிவிட்டன. ஒரு சின்னக் கன்று முட்டிபோட்டு மடமடவென்று குடித்தது. அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பொரியாள் பார்த்தாள். அதன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் கலங்கிக் கலங்கி இந்தக் கரை வரைக்கும் வந்தது.

கடைசி ஆமையும் மணல் திருப்பத்தில் மறைந்தது. பொரியாள் மடுவுக்கு முதுகைக் காட்டினாள். சூடான மணலில் அந்தச் சின்னக் குளம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கடைசியாக அவளும் போய்விட்டாள்.

எல்லை வகுக்கும் இடத்தில், நாம் எத்தனை பகுதியில் இருப்போம் என்று மகிழ்வதற்கு முன்னால், ஒரு பகுதியிலாவது நம் சொல் செல்லுமா என்று பார்த்துச் சம்மதிப்பதே அறிவு.